ஏலத்துக்கு வந்திருக்கிற கண்டிக் கத்தி, வாங்கலாமோ விடலாமோ?

வடலி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் லண்டன்ல இருக்கிறன், சொந்த இடம் யாழ்ப்பாணப் பக்கம். ஒரு நாலைஞ்சு வருசமா கையால செய்த, வேலைப்பாடு உள்ள கத்தியள் சேர்க்கிறனான். பெரிய காசு போட்டு இல்லை. ஷெஃபீல்ட்ல செய்த மடக்குக்கத்தி ஒண்டு, பின்லாந்துப் பூக்கோ ரெண்டு, பிறகு டமாஸ்கஸ் (ரெண்டு இரும்பை மடிச்சு அடிச்சு, அலகில கோடு கோடாத் தெரியிறது) எண்டு சொல்லி ஒன்லைன்ல வித்த ஒண்டையும் வாங்கி வச்சிருக்கிறன், அதில இப்ப சந்தேகம் வந்திட்டுது, அதையும் கீழ கேக்கிறன்.

விசயம் என்னெண்டால் போன கிழமை இஞ்ச ஒரு ஏலக்கடையில முன்கூட்டியே சாமான் பாக்கிற நாளுக்குப் போனனான். கண்ணாடி அலுமாரிக்குள்ள ரெண்டு கண்டிக் கத்தி கிடந்தது. 'சிலோன் கத்தி, 18 அல்லது 19ஆம் நூற்றாண்டு' எண்டு மட்டும்தான் போட்டிருக்கு. பெரிசு வெள்ளைப் பிடி, பிடிக்கு மேலயும் கீழயும் வெள்ளி, அலகு தொடங்கிற இடத்திலயும் வெள்ளித் தகடு பொதிஞ்சு கொடி கொடியா வெட்டின வேலை, அலகின்ர முதுகில நீளத்துக்கு ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு ஓடுது. மர உறை, அதுக்கும் வெள்ளிப் பட்டியள். மற்றது சின்னன், கறுத்தப் பிடி, வெள்ளிக்குப் பதிலா பித்தளை, உறை இருக்கு, ஆனா ஒரு பக்கம் வெடிச்சிருக்கு. பெரிசுக்கு 900 பவுண்ஸில இருந்து 1200 வரைக்கும் போகும் எண்டு மதிப்புப் போட்டிருக்கினம், சின்னனுக்கு 250 தொடக்கம் 350.

ரெண்டு உறையிலயும் கத்தி போற வாய்க்குப் பக்கத்தில இன்னொரு சின்ன ஓட்டை இருக்கு. அதுக்குள்ள ஒண்டும் இல்லை. அதைப் பாத்த உடன எனக்கு எங்கட அம்மப்பாட்ட இருந்த மடக்கெழுத்தாணிதான் ஞாபகம் வந்தது, ஒரு பக்கம் எழுத்தாணி, மற்றப் பக்கம் ஓலை வார்ற சின்னக் கத்தி, எங்கள ஒருத்தரையும் தொட விடமாட்டார். இடம்பெயர்ந்து போகேக்க அது எங்க போச்செண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஓட்டை எழுத்தாணிக்கோ? அந்த எண்ணத்தோடயே வீட்ட வந்திட்டன், ரெண்டு நாளா நித்திரை இல்லை.

ஏலம் வாற வியாழக்கிழமை. நல்ல வேலை எண்டு என்னத்தை வச்சுப் பாக்கிறது? வெள்ளைப் பிடி யானைத்தந்தமா இருந்தால் பிரச்சினை வருமோ? இவ்வளவு காசைப் பழசில போடுறதோ இல்லாட்டி இப்ப உயிரோட இருக்கிற ஒரு கைவினைஞரிட்ட புதுசாச் செய்விக்கிறதோ? மற்றது அந்த ஒன்லைன் டமாஸ்கஸ் உண்மையானதோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மகாவலி எழுதியது:

வடலி, நான் கண்டியில படிப்பிக்கிறேன், இந்தக் கத்திகளைப் பத்திக் கேட்டா எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கங்க. நீங்க பார்த்தது சிங்களத்துல 'பிஹா கெத்த'ன்னு சொல்ற கத்தி. அந்தச் சின்ன ஓட்டை எழுத்தாணிக்குத்தான், உங்க நினைப்பு சரி. சிங்களத்துல பன்ஹிந்தன்னு சொல்லுவாங்க. உங்க பக்கம் பனையோலை, இங்க மலைநாட்டுல தாளிப்பனை ஓலை, மத்தபடி வேலை ஒண்ணுதான், கத்தியால ஓலையை வார்ந்து சீர் பண்ணி எழுத்தாணியால கீறுறது. ஆனா இந்தக் கத்தியை இடுப்புல செருகிட்டு வந்தா அது எழுதுறதுக்கு மட்டும் இல்ல, ராஜா கொடுத்த கௌரவம் இடுப்புல இருக்குன்னு அர்த்தம்.

கண்டி அரண்மனைக்குன்னே 'பட்டல் ஹதர'ன்னு நாலு பட்டறை இருந்துச்சு (பட்டலன்னா காதுக்கு நம்ம பட்டடை மாதிரியே கேக்கும்). ரன்கடுன்னா தங்க வாள், ஒட்டுன்னன்னா கிரீடம், ஆபரணம், சிங்காசனம்னு பிரிவு பிரிவா. அங்க வேலை செஞ்சவங்களுக்குச் சம்பளம் காசா இல்ல, ராஜகாரியத்துக்காக, அதாவது ராஜாவுக்குச் செய்யுற சேவைக்காகக் காணி. அதனால ஒரு கத்திக்கு எத்தனை மாசம் ஆச்சுன்னு யாரும் கணக்குப் பார்க்கல, அந்த நிதானம் வேலையிலயே தெரியும். கடைசியா அந்த அரண்மனையில இருந்தது மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சம், 1739ல இருந்து 1815 வரைக்கும். 1815ல இங்கிலீஷ்காரன் கண்டியைப் புடிச்சான், ராஜா போனதும் வேலை வாங்குற ஆள் இல்ல, 1832ல ராஜகாரிய முறையையும் எடுத்துட்டாங்க, அதோட பட்டறைகளுக்கு இருந்த ஆதாரமே போயிருச்சு. அதுக்கப்புறமும் கத்தி செஞ்சாங்க, ஆனா பிரபுக்களுக்கும் வெள்ளைக்காரத் துரைமாருக்கும்னு போகப் போக வேலை மெலிஞ்சுகிட்டே வரும்.

இதையெல்லாம் முதல்ல உக்காந்து எழுதி வச்சவர் ஆனந்த குமாரசுவாமி. அப்பா சேர் முத்து குமாரசுவாமி, நம்ம தமிழ்க் குடும்பம். மகன் இங்க கனிமங்களை ஆராயுற உத்தியோகத்துக்கு வந்து ஊர் ஊராச் சுத்துனவர், கல்லைப் பார்க்கப் போன இடத்துல கைவினைக்காரங்களைப் பார்த்து அவங்ககிட்டயே உக்காந்து கேட்டு, 1908ல மத்தியகாலச் சிங்களக் கலை பத்தி ஒரு பெரிய புத்தகமாவே போட்டார். உங்களுக்கு லண்டன்ல நூலகத்துல கிடைக்கும், ஏலத்துக்கு முன்னாடி அதுல உள்ள உலோக வேலைப் படங்களை ஒரு மணி நேரம் பாருங்க. விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், பிரிட்டிஷ் மியூசியம் ரெண்டுலயும் இந்தக் கத்திகள் இருக்கு.

நல்ல வேலையை எப்படிப் பார்க்குறதுன்னா, அந்தக் கொடி வேலைக்கு இங்க 'லியவெல'ன்னு பேரு, நம்ம கோயில் ஸ்தபதிங்க கொடிக்கருக்குன்னு சொல்றதுதான். கொடி ஒரு இடத்துல தொடங்கி, சுருண்டு, இலை விட்டு, அடுத்த சுருளுக்குப் போகணும், நடுவுல அறுபட்டு நிக்கக் கூடாது. உளியால வெட்டின வேலைன்னா கோடோட ஓரம் கூர்மையா இருக்கும், அலகோட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாலும் அச்சு அசலா இருக்காது, கை மாறுனது தெரியும். வார்ப்புன்னா ஓரம் எல்லாம் மழுங்கி, சின்னச் சின்னப் புள்ளியாக் குழி இருக்கும். இப்ப இங்க டூரிஸ்ட்காரங்களுக்கு விக்கிறதுல சிங்கத் தலைப் பிடி போட்டுத் தகரம் மாதிரி அலகோட வருமே, அது வேற வம்சம், கஸ்தானைங்கிற வாளோட குட்டி நகல். அதைப் பிஹா கெத்தன்னு சொல்லி வித்தா நம்பாதீங்க.

தட்டாப்பிள்ளை எழுதினது:

நான் நகைத்தொழில் செய்யிறவன், இஞ்ச லண்டன்லதான், அதால பிடியைப் பற்றி மட்டும் சொல்லுறன். வடலி, வெள்ளையெல்லாம் தந்தம் இல்லை. எலும்பு, மான்கொம்பு, சங்கு, பிளாஸ்ரிக் எல்லாம் அந்த அலுமாரிக்குள்ள வெள்ளையாத்தான் தெரியும். கேட்டால் கையில தருவினம், பத்து மடங்கு லென்ஸ் ஒண்டு கொண்டு போங்கோ. பிடியின்ர வெட்டுமுகம் எங்கயாவது தெரியிற இடத்தில பாத்தால் யானைத்தந்தத்தில கோடுகள் ஒண்டையொண்டு குறுக்க வெட்டி வலை மாதிரி, சாய்சதுரமா தெரியும். நீளப்பக்கமாப் பாத்தால் மரவரி மாதிரி மெல்லிசா ஓடும். எலும்பெண்டால் சின்னச் சின்னக் கறுத்தப் புள்ளி, கீறு, அது ரத்தம் ஓடின குழாய். பிளாஸ்ரிக்கில வரி இருந்தாலும் அளவெடுத்துக் கீறின மாதிரி நேராக் கிடக்கும். ஊசியைச் சுட வச்சுக் குத்திப் பாக்கச் சொல்லி ஆராவது சொன்னால் தயவுசெய்து கேளாதேங்கோ. 200 வருசச் சாமானில ஒரு ஓட்டை விழுந்தால் அதை ஒருத்தராலயும் மாத்தேலாது.

இனிச் சட்டம். இங்கிலாந்தில 2018ல தந்தத்துக்கெண்டு சட்டம் கொண்டு வந்தவை, 2022 ஜூன் 6ல இருந்து நடைமுறையில இருக்கு. விக்கிற ஆளுக்கு மட்டும் இல்லை, வாங்கிற ஆளும் அதுக்குள்ள வாறார், இதைக் கனபேர் யோசிக்கிறேல்லை. விதிவிலக்கு ரெண்டுதான் உங்களுக்குப் பொருந்தக்கூடியது. ஒண்டு, 1947 மார்ச் 3க்கு முதல் செய்த சாமானில தந்தம் மொத்த கன அளவில பத்து வீதத்துக்குக் கீழ இருந்தால் பதிஞ்சுபோட்டு விக்கலாம். கத்தியின்ர பிடி முழுக்கத் தந்தமெண்டால் அலகையும் சேத்துப் பாத்தாலும் பத்து வீதத்துக்குள்ள நிக்குமெண்டு எனக்கு நம்பிக்கை இல்லை. மற்றது 1918க்கு முந்தினது, கலைப் பெறுமதியோ வரலாற்றுப் பெறுமதியோ மிக உயர்ந்ததெண்டு நிபுணர் பாத்துச் சான்றிதழ் குடுத்தது. அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவே 250 பவுண்ஸ். ஏலக்கடைக்காரர் இந்த ரெண்டில எதை வச்சிருக்கிறார் எண்டு நேர கேளுங்கோ. கடுதாசி காட்டேலாட்டில் திரும்பி வாங்கோ, கத்தி எவ்வளவு வடிவா இருந்தாலும் சரி. பிறகு ஊருக்குக் கொண்டு போறதெண்டாலும், இந்தியாவுக்குக் கொண்டு போறதெண்டாலும் பழசெண்டு சொல்லித் தப்பேலாது, தந்தம் தந்தம்தான்.

இன்னொண்டும் சொல்லோணும். எனக்குத் தந்தத்தில விருப்பம் இல்லாமல் இல்லை, அந்தக் காலத்து ஆக்கள் அதில வெட்டின வேலையைப் பாத்தால் கை கூசும். ஆனா இண்டைக்கு அதுக்கு விலை ஏறினால் எங்கயோ ஒரு யானை சாகுது. நான் அந்தப் பக்கம் போறதில்லை.

கோவைப்பட்டறை எழுதியது:

வணக்கம்ங்க. நான் கோயமுத்தூர்ல வார நாள்ல ஃபேக்டரி வேலை, சனி ஞாயிறு சின்ன உலை வச்சு கத்தி அடிக்கறேன். மகாவலி சொன்ன வரலாறு எனக்குப் புதுசு, நன்றிங்க. நான் இரும்பைப் பத்திச் சொல்றேன்.

எந்த வேலைப்பாட்டுக் கத்தியா இருந்தாலும் மொதல்ல அலகைப் பாருங்க, அப்புறம் நகையைப் பாருங்க. கண்ணுக்கு நேரா வச்சு முதுகு வழியாப் பாத்தா அலகு கோணாம நேராப் போகுதா, அடியில தடிச்சு முனைக்குப் போகப் போகச் சீராக் கொறையுதா, பிடிக்கும் அலகுக்கும் நடுவுல எடைவெளி இருக்குதா, இதெல்லாம் ஒரு நிமிசத்துல தெரிஞ்சிரும். சுமாரா அடிச்ச அலகு மேல எவ்ளோ வெள்ளி ஒட்டினாலும் அது பொம்மைதானுங்க. அலகுல ஆழமா அரம் ஓட்டுன தடம் புதுசா, பளபளன்னு இருந்துச்சுன்னா யாரோ சமீபத்துல துருவ எடுக்கறேன்னு கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

முதுகுல ஓடற வெள்ளிக் கோடு பதிச்சதா, மேலாக்க ஒட்டுனதான்னு பாருங்க. பதிக்கறதுன்னா இரும்புல வாய்க்கா வெட்டி, வாய்க்காவோட அடிப்பக்கம் கொஞ்சம் அகலமா இருக்கற மாதிரி உள்பக்கம் சாச்சு வெட்டி, கம்பிய வச்சு அடிச்சா அது உள்ள போய் விரிஞ்சு புடிச்சுக்கும், நூறு வருசம் ஆனாலும் வராது. ராஜஸ்தான்ல உதய்ப்பூர்ப் பக்கம் கொஃப்த்காரின்னு ஒண்ணு பண்றாங்க, அது வேற, இரும்பு மேல குறுக்கும் நெடுக்குமா பொடிக் கீறல் போட்டு அது மேல தங்கக் கம்பிய அடிச்சு ஒட்ட வைக்கறது. அதுல தங்கம் தேஞ்ச எடத்துல லென்ஸ் வச்சுப் பாத்தா அடியில அந்தக் கீறல் வலை தெரியும். தங்கம் தேஞ்சும் கீறலே இல்லைன்னா அது முலாம்ங்க, கொஃப்த்காரி வெலை குடுக்காதீங்க.

உங்க ஒன்லைன் டமாஸ்கஸுக்கு வரேன். முதுகையும் பிடிக்குள்ள போற வால் பகுதியையும் பாருங்க, உண்மையா ரெண்டு இரும்ப மடிச்சு அடிச்சதுன்னா பக்கத்துல தெரியற கோடு முதுகையும் தாண்டி அந்தப் பக்கம் போகும். முதுகு மட்டும் மொட்டையா இருந்தா மேலாக்க ஆசிட்ல கீறுன படம்தான். ஒரு ஓரத்துல கொஞ்சம் உப்புத்தாள் போட்டு தேச்சு ஃபெரிக் குளோரைடுல முக்குனா உண்மையான அலகுல கோடு திரும்ப வரும், படம்னா வராது.

பழசா புதுசான்னு கேட்டீங்களே. புதுசுலயும் சாதாரணமா நெனைக்காதீங்க. அமெரிக்காவுல 1970ல கத்தி செய்யறவங்க ஒரு கில்டு ஆரம்பிச்சாங்க, 1973ல பில் மோரன்ங்கறவரு அவங்க கண்காட்சியில தானே மடிச்சு அடிச்ச டமாஸ்கஸ் கத்திகளைக் கொண்டு வந்து வச்சாரு, அங்க இந்தக் கலைக்கு மறுபடி உசுரு வந்தது அதுல இருந்துதான். 1976ல அவரே கொல்லர்களுக்குன்னு தனிச் சங்கமும் ஆரம்பிச்சு வச்சாரு. அதுல மாஸ்டர் பட்டம் வாங்கணும்னா செய்யற கத்தி தொங்கற கயித்த ஒரே வெட்டுல அறுக்கணும், கட்டைய வெட்டணும், அதுக்கப்பறமும் கைமுடி மழிக்கணும், கடைசியா வைஸ்ல புடிச்சு 90 டிகிரி வளைச்சா ஒடையக் கூடாது. அந்த அளவுக்கு இரும்பு சரியா இருந்தாத்தான் மேல அலங்காரத்தப் பத்தியே பேச்சு. பஸ்டர் வாரென்ஸ்கின்னு ஒருத்தர் துட்டங்காமுன் கல்லறையில கெடச்ச தங்கக் குத்துவாளப் பாத்து அதே மாதிரி ஒண்ணு செஞ்சாரு, வருசக்கணக்குல வேலை. இப்படிப்பட்ட ஆளுக கையில இருந்து நேரா வாங்கறதுல ஒரு சொகம் இருக்குதுங்க, கேட்டா சொல்லுவாங்க, என்ன இரும்பு, எத்தன தடவ மடிச்சது, எல்லாமே.

கடைசியா ஒண்ணு, இத எழுதறப்ப இன்னும் வலிக்குது. பத்து வருசத்துக்கு முன்னாடி மடிக்கேரியில ஒரு பழைய பிச்சங்கத்தி வாங்குனேன், குடகுக்காரங்க இடுப்புல செருகறது, பித்தளை வெச்ச கிளிமூக்குப் பிடி, சங்கிலில காது குடையற ஊசி, சின்னச் சாமணம் எல்லாம் தொங்கும். கறுத்துக் கெடக்குதுன்னு புளி போட்டு, சாம்பல் போட்டு ராத்திரி பூரா தேச்சேன். காலையில பளபளன்னு இருந்துச்சு, ஆனா பூ வேலையோட மேடு எல்லாம் மழுங்கிப் போச்சு, குழியில இருந்த கறுப்பு போனதுல பூவே தெரியல. அந்தக் கறுப்புதான் பூவைக் காட்டிட்டு இருந்துச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. தயவுசெஞ்சு எதையும் பாலிஷ் போடாதீங்க.

மகாவலி எழுதியது:

கோவைப்பட்டறை சொன்னதுல ஒரு இடத்துல மட்டும் நான் மாறுபடுறேன். அலகு முதல், நகை அப்புறம்னு கண்டிக் கத்தியைப் பிரிக்க முடியாது. இது கயிறு அறுக்குற பரீட்சைக்குப் போற கத்தி இல்ல, ராஜா கையால வாங்குன வரிசை. அலகு செஞ்சவனுக்கு இருந்த அதே மரியாதை கொடி வெட்டினவனுக்கும் இருந்துச்சு. வெள்ளித் தகடு இரும்போட சேருற இடத்தை விரலால தடவிப் பாருங்க வடலி, நல்ல கத்தியில நகத்துக்குத் தட்டவே தட்டாது. எனக்கு ஒரு கத்தியைத் தீர்மானிக்க அந்த ஒரு இடம் போதும்.

கோவைப்பட்டறை எழுதியது:

ஒத்துக்கறேன்ங்க. தகடு இரும்போட சேர்ற எடம்னு நீங்க சொன்னது எங்க பாசையிலயும் அதேதான், அங்க சரியா உக்காரணும்னா அடியில இருக்கற அலகு சமமா இருந்தாகணும்.

வடலி எழுதினது:

எல்லாருக்கும் கனக்க நன்றி. செவ்வாய்க்கிழமை வேலைக்கு அரைநாள் லீவு போட்டிட்டு லென்ஸோட போனனான். பெரிய கத்தியின்ர பிடி அடியில, வெள்ளி மூடி கொஞ்சம் கழண்ட இடத்தில தட்டாப்பிள்ளை அண்ணை சொன்ன மாதிரி வலைக்கோடு தெளிவாத் தெரிஞ்சது. தந்தம்தான். பதிவோ சான்றிதழோ இருக்கோ எண்டு கேட்டன், வைத்திருக்கிற ஆள் விண்ணப்பிக்கிற எண்ணத்தில இருக்கிறார் எண்டு சொல்லிச்சினம். அப்ப இன்னும் இல்லை. பிறகு பின்னேரம் பாத்தால் அந்தக் கத்தியை ஏலத்தில இருந்தே எடுத்திட்டினம். உண்மையைச் சொன்னால் கவலைதான், அந்தக் கொடி வேலையை இனிமேல் எங்க பாக்கப் போறனோ தெரியாது.

சின்னனை எடுத்துப் பாத்தன். பிடி எருமைக்கொம்பு, வெளிச்சத்துக்குப் பிடிச்சால் ஓரத்தில தேன் நிறம் அடிக்குது. அலகு நேர். முதுகில கோடு இல்லை. பித்தளையில கொடி ஒரு பக்கம் நல்ல கூர்மையா, மற்றப் பக்கம் தேஞ்சு கிடக்கு, ஆரோ வருசக்கணக்கா ஒரே கையால பிடிச்சிருக்கினம் எண்டு நினைக்கிறன், பெருவிரல் வாற இடத்திலதான் தேய்வு. நகத்தால தடவிப் பாத்தன், மகாவலி ஐயா, தட்டவே இல்லை.

வியாழக்கிழமை 380க்கு எனக்கு விழுந்தது, கடைக்காரற்ற கமிஷன் வேற. நான் போட்டிருந்த எல்லை 400.

இப்ப மேசையில எனக்கு முன்னால கிடக்கு. எழுத்தாணி ஓட்டை வெறுமையா இருக்கிறது மனசுக்குக் கஷ்டமாக் கிடக்கு, அளவா ஒண்டு செய்விச்சு வைக்கலாமோ? மற்றது, எப்பிடி வைக்கிறது? உறைக்குள்ளயோ வெளியிலயோ? அலகில ரெண்டு மூண்டு இடத்தில சின்னச் செந்துரு இருக்கு.

கோவைப்பட்டறை எழுதியது:

வாழ்த்துக்கள்ங்க! உறைக்குள்ள வைக்காதீங்க, பக்கத்துல தனியா வைங்க. மரமோ தோலோ ஈரத்த உறிஞ்சி வச்சுட்டு அலகுக்குக் குடுக்கும். துருவுக்கு தையல் மெஷின் எண்ணை ஒரு சொட்டு விட்டு ரெண்டு நாள் ஊற வச்சு, மூங்கில் குச்சியால மெதுவா நெரடுங்க, உப்புத்தாள் வேண்டாம். அப்புறம் எண்ணையத் தொடச்சுட்டு மியூசியத்துல போடற மெழுகு ஒரு பூச்சு, பித்தளைக்கும் கொம்புக்கும் அதே போதும். வெறும் கையால அலகத் தொட்டா ஒடனே தொடச்சிருங்க, வேர்வை உப்பு ஒரு ராத்திரியில ரேகைய அப்படியே துருவாக்கிரும். பழைய செல்லுலாய்டுப் பிடி போட்ட கத்தி ஏதாவது இருந்தா இதோட ஒரே பெட்டியில வைக்காதீங்க, அது கெட்டுப் போகறப்ப வர்ற ஆவி பக்கத்துல இருக்கற இரும்பையெல்லாம் துருப்புடிக்க வைக்கும்.

தட்டாப்பிள்ளை எழுதினது:

கொம்பைப் பூச்சி தின்னும் வடலி, மாசத்துக்கு ஒருக்கா எடுத்துப் பாருங்கோ, மாத்தூள் மாதிரி ஏதும் கொட்டிக் கிடந்தால் உடன கவனிக்கோணும். ஹீட்டருக்குப் பக்கத்துச் சுவரில மாட்டிப் போடாதேங்கோ, லண்டன் குளிருக்கு நாங்கள் வீட்டைச் சூடாக்கிறதில கொம்பு காஞ்சு வெடிக்கும். உறை வெடிச்சதும் அப்பிடித்தான் இருக்கும்.

மகாவலி எழுதியது:

எழுத்தாணி செய்விக்கலாம், தப்பில்ல. ஆனா புதுசுன்னு தெரியுற மாதிரி செய்ங்க, அடியில வருசத்தைச் சின்னதா வெட்டச் சொல்லுங்க. உங்களுக்கு அப்புறம் அது யார் கைக்குப் போகுதோ அவங்க ஏமாறக் கூடாது. பிலிமத்தலாவைப் பக்கம் ரோட்டோரம் பித்தளை வேலை செய்யுற கடைங்க இருக்கு, ஊருக்கு வந்தா சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன். ஓட்டையோட ஆழத்தை ஒரு ஈர்க்குச்சி விட்டு அளந்து வச்சுக்கங்க, வாய் அகலம் வேற, அடி அகலம் வேறயா இருக்கும்.

வடலி எழுதினது:

ஈர்க்குச்சிக்கு இஞ்ச விளக்குமாறுதான் உடைக்கோணும், இப்பவே உடைச்சிட்டன். ஆழம் பதினாலு சென்ரிமீற்றர். வாற ஆவணிக்கு ஊருக்கு வாறன், கட்டாயம் கண்டிக்கும் வாறன் ஐயா. ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில படம் எடுத்துப் போடுறன், தேஞ்ச பக்கத்தையும் சேர்த்து.